ரெண்டும் ஒண்ணுதான் சார்

அன்புள்ள குமரா,

மூன்று சோலார் பேனலின் டேட்டாஷீட்டை (விவரத்தாளை) அனுப்பி, "எதை வாங்கலாம், ஒரு வார்த்தை சொல்" என்று நீ கேட்டு நாலு மாதம் ஆகிறது. "வாட் எதில் கூடுதலோ அதை வாங்கு" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டுக் காணாமல் போனேன். அந்த ஒரு வரி இத்தனை நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை நம்பிப் பணம் கட்டிவிடவில்லையே? கட்டவில்லை என்றால் இதைக் கடைசிவரை படித்துவிட்டுக் கட்டு. கட்டிவிட்டாய் என்றால் இப்போதே போன் பண்ணு.

இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்குத் தேர்வு முடிந்தது. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். நெட்டையன் இரண்டு முறை போன் பண்ணினான், உன்னைத்தான் திட்டினான். விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் என் வீட்டு மாடிக்குப் பேனல் வந்து இறங்கியது. பத்துப் பேனல், ஒவ்வொன்றும் 550 வாட். ஒன்றின் எடை 28 கிலோ இருக்கும். இரண்டு பையன்கள் படிக்கட்டுத் திருப்பத்தில் சுவரில் இடிக்காமல் ஒவ்வொன்றாக ஏற்றிக் கைப்பிடிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனேன். பேனலின் முதுகுப் பக்கம் என்னைப் பார்த்து இருந்தது. சும்மா குனிந்து ஸ்டிக்கரைப் படித்தேன். 17.4 ஆம்பியர் என்று போட்டிருந்தது.

எனக்குத் திக்கென்றது. நான் ஆர்டர் கொடுத்த பேனலின் ஆம்பியர் 13.1. வோல்ட் 41.9 இருக்க வேண்டும், இதில் 31.6. பெருக்கிப் பார், இரண்டுமே 550 வாட்தான். கம்பெனியும் அதேதான். மாடல் எண்ணில் நடுவே சில எழுத்துகள் மட்டும் வேறு. விற்றவருக்குப் போன் போட்டேன். "ஸ்டாக் தீர்ந்துபோச்சு, அதே கம்பெனி, அதே 550, ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர் அதை நம்பித்தான் சொன்னார். அதுதான் எனக்குக் கவலையே.

உள்ளே இருக்கும் செல்லின் அளவு வேறு, குமரா. நான் கேட்டது 182 மில்லிமீட்டர் செல்லைப் பாதியாக வெட்டி 144 துண்டுகள் கோத்த பேனல். வந்தது 210 மில்லிமீட்டர் செல்லைப் பாதியாக வெட்டிய 110 துண்டுகள். செல் பெரிதானால் ஆம்பியர் ஏறும், எண்ணிக்கை குறைந்தால் வோல்ட் இறங்கும். பேனலாக மட்டும் பார்த்தால் இரண்டில் எதுவும் மட்டமில்லை. ஆனால் பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் என் இன்வெர்ட்டர், ஒரு ஸ்ட்ரிங்குக்கு (வரிசையாகக் கோத்த பேனல்களுக்கு) 14 ஆம்பியருக்கு மேல் இழுக்காது. ஷார்ட் சர்க்யூட், அதாவது இரண்டு முனையையும் நேராக இணைத்தால் ஓடும் ஆம்பியர், அதற்கு வரம்பு 17. வந்த பேனலுக்கு அதுவே 18.5. மாட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? வெயில் உச்சிக்கு ஏறும்போதெல்லாம் உற்பத்தி வெட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும். யாருக்கும் தெரியாது. விளக்கு எரியும், மீட்டர் ஓடும், நானும் சந்தோஷமாக இருந்திருப்பேன். இன்வெர்ட்டர் ஒருநாள் கெட்டுப்போனால், "வரம்பை மீறி மாட்டியிருக்கிறீர்கள்" என்று வாரண்டியை மறுத்துவிடுவார்கள். போதாததற்கு நீளம் 10 சென்டிமீட்டர் கூடுதல், அகலம் 4 சென்டிமீட்டர் குறைவு. 2278-க்கு 1134 மில்லிமீட்டர் என்று அளந்து துளை போட்ட சட்டத்தில் இது உட்காரவே உட்காராது.

ஒன்பது நாள் போராடி மாற்றினேன். அதே இரண்டு பையன்கள் பத்தையும் கீழே இறக்கி, வேறு பத்தை மேலே ஏற்றினார்கள். தப்பு செய்தது அவர்கள் இல்லை, ஆனால் முதுகு அவர்களுடையது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் ஆறவில்லை. வண்டியிலிருந்து இறக்கும்போதே ஸ்டிக்கரைப் படித்திருந்தால் அந்த இரண்டு சுமையும் மிச்சம். உன் வீட்டில் முதல் பேனல் வண்டியை விட்டு இறங்கும்போது நீ கீழே நிற்க வேண்டும்.

இனி உன் மூன்று பேனல்கள்.

550, 555 இரண்டுக்கும் நடுவே மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளாதே. ஒரே வரிசையில் செய்து, கடைசியில் வெளிச்சம் பாய்ச்சி அளந்து, வாட்டுக்கு ஏற்றபடி பிரித்து ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். உன் தாளிலேயே '0 முதல் +5 வாட்' என்று இருக்கிறது பார். 550 என்று ஒட்டியது உண்மையில் 554 ஆகவும் இருக்கலாம். ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் இந்த வித்தியாசம் தூசிக்குள் போய்விடும். விலை குறைவானதை எடுத்துக்கொள்.

575 அப்படி இல்லை. அளவு அதே 2278-க்கு 1134 தான், ஆனால் அது டாப்கான், செல் செய்யும் புதிய முறை. மற்ற இரண்டும் பெர்க், அதற்கு முந்தைய முறை. இங்கேதான் நான் அனுப்பிய அந்த ஒரு வரி உன்னைத் தப்பான காரணத்துக்காகச் சரியான பேனலுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கும். ஸ்டிக்கரில் உள்ள வாட் ஆய்வுக்கூடத்தில் எடுத்தது: சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம், செல்லின் சூடு 25 டிகிரி. காற்றின் சூடு இல்லை, செல்லின் சூடு. கொளுத்தும் நடுப்பகலில் கண்ணாடிக்குள் இருக்கும் செல் காற்றைவிட 25, 30 டிகிரி கூடச் சுடும். தாளின் அடியில் பொடி எழுத்தில் வெப்பக் குணகம் என்று ஒரு எண் இருக்கும். உன் பெர்க்குக்கு டிகிரிக்கு 0.35 சதவீதம் இழப்பு, டாப்கானுக்கு 0.29. செல் 65 டிகிரிக்குப் போனால், அதாவது 40 டிகிரி ஏறினால், 550 வாட் 473-க்கு இறங்கிவிடும். 575 வாட் 508-ல் நிற்கும். தாளில் 25 வாட்டாக இருந்த இடைவெளி வெயிலில் 35 ஆகிவிட்டது.

வருஷக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். பெர்க்குக்கு முதல் வருஷம் 2 சதவீதம், பிறகு வருஷத்துக்கு 0.55 வீதம் குறைந்து 25-வது வருஷம் 84.8 சதவீதம் என்று உத்தரவாதம். டாப்கானுக்கு முதல் வருஷம் 1, பிறகு 0.4, 25-வது வருஷம் 89.4 வரும். முன்பெல்லாம் பெர்க் செய்யும் சிலிக்கானில் பெரும்பாலும் போரான் கலந்திருக்கும். அது ஆக்சிஜனோடு சேர்ந்து, வெயில் பட்ட தொடக்க நாட்களிலேயே கொஞ்சம் சக்தியைத் தின்றுவிடும். டாப்கானில் பாஸ்பரஸ் கலந்தது, அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இது கம்பெனி எழுதிக் கொடுத்த வாக்கு, அவ்வளவுதான். கூடவே 'பொருள் வாரண்டி' என்று தனியாக ஒரு வரி இருக்கும். ஃபிரேம் விட்டுப்போனாலோ, பின்தாள் வெடித்தாலோ, ஜங்ஷன் பாக்ஸ் கருகினாலோ அதுதான் கைகொடுக்கும். நீ அனுப்பியதில் ஒன்றில் 12 வருஷம், மற்றதில் 15. கெட்டுப்போன பேனலைக் கழற்றி மாட்டும் கூலியை யார் தருவார்கள் என்று எழுதி வாங்கு. வாயால் சொன்னது வேண்டாம்.

575-ஐ எடு. ஆனால் அதற்கு முன்னால் உன் பழைய இன்வெர்ட்டரின் கையேட்டைத் திற. 575-க்கு ஓடும்போது 13.6 ஆம்பியர், ஷார்ட் சர்க்யூட் 14-க்கு மேல். பழைய இன்வெர்ட்டர்கள் பலவற்றில் 12.5-லேயே வரம்பு நின்றுவிடும். அப்புறம், 12 பேனலையும் ஒரே ஸ்ட்ரிங்கில் கோக்கப் போவதாக எழுதியிருந்தாயே, அதை மறுபடி யோசி. திறந்த நிலையில், அதாவது எதிலும் இணைக்காதபோது, ஒரு பேனலுக்கு 51 வோல்ட், பன்னிரண்டுக்கு 612. குளிர்ந்த காலையில் வோல்ட் இன்னும் ஏறும். இன்வெர்ட்டரின் வரம்பு 600 என்றால் ஒரே காலையில் அது போய்விடும்.

இத்தனை கணக்கையும் ஒரு நிழல் தூக்கிச் சாப்பிட்டுவிடும். கணக்கு வாத்தியாரின் சோலார் கால்குலேட்டரை நீ கட்டைவிரலால் மூடுவாய், எண்கள் மங்கி மறைந்துபோகும், அவர் பேட்டரியைத் தேடுவார். அதையேதான் உன் மாடிப்படி அறையின் நிழல் உனக்குச் செய்யப்போகிறது. செல்கள் வரிசையாகக் கோத்தவை. நாம் வரிசையில் நின்று செங்கல் கைமாற்றினோமே, நடுவில் நீ நின்று வேடிக்கை பார்த்ததும் மொத்த வரிசையும் நின்றதே, அதேதான். ஒரு செல்லில் நிழல் விழுந்தால் அந்தக் கூட்டம் முழுக்க முடங்கும், பைபாஸ் டயோடு அதை விலக்கிவிட்டு மற்றதை ஓட்டும். பேனலுக்கு மூன்று டயோடு. பாதி வெட்டிய பேனலில் மேல்பாதியும் கீழ்பாதியும் தனித்தனியாக ஓடும். ஆகவே பேனலை நெடுக்காக நிறுத்திக் கீழ்விளிம்பு முழுதும் நிழல் பட்டால் கீழ்பாதி போய் மேல்பாதி வேலை செய்யும். அதையே படுக்கையாக வைத்து நீள விளிம்பில் நிழல் பட்டால் மூன்றில் ஒரு பங்குதான் போகும். ஒரே பேனல், வைக்கும் விதத்தில் இத்தனை வித்தியாசம்!

நான் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். காலை 9, 11, மதியம் 1, 3, 4 என்று ஒவ்வொரு வேளையும் நிழலின் விளிம்பைத் தரையில் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதினேன். சுவரின் நிழலை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். தொட்டியிலிருந்து இறங்கும் நாலு விரல் அகலக் குழாய், அதன் நிழல் மூன்று மணிக்குச் சரியாக இரண்டாவது பேனலின் குறுக்கே விழும் என்று நான் நினைக்கவே இல்லை. குழாயை ஒரு முழம் தள்ளி மாற்றிவிட்டேன். சூரியன் தாழ்ந்து போகும் மாதங்களில் நிழல் இன்னும் நீளும், அதற்கும் இடம் விட்டு வை.

பைஃபேஷியல் (இரண்டு பக்கமும் மின்சாரம் தரும் பேனல்) என்று நீ துள்ளியதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பின்பக்கத்துக்கு வெளிச்சம் போனால்தான் பின்பக்கம் வேலை செய்யும். நீ வைக்கப்போவது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். அதற்காகத் தனியாகப் பணம் கொடுக்காதே. ஆள் நின்று போகிற உயரத்தில் சட்டம் போட்டு, தரைக்கு வெள்ளையடித்தால் அப்போது பேசலாம். 'டயர் 1' என்று பெருமையாக எழுதி அனுப்புகிறார்களே, அது பேனலின் தரத்துக்குக் கொடுத்த மார்க் இல்லை. அந்தக் கம்பெனியின் பேனலை நம்பி வங்கிகள் கடன் கொடுக்கின்றனவா என்று பார்த்துப் போடும் பட்டியல். கேட்க வேண்டியது ஐஇசி 61215, 61730 என்ற சர்வதேசத் தரச் சான்று. அதுவும் நீ வாங்கும் மாடல் எண்ணுக்கே உரியது.

1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் நடைமுறைக்கு உதவும் முதல் சிலிக்கான் செல்லைக் காட்டியபோது விழுந்த வெயிலில் 6 சதவீதம்தான் மின்சாரம் ஆனதாம். உன் தாளில் 22 போட்டிருக்கிறது. இத்தனை தூரம் வந்த பொருளைக் குழாய் நிழலுக்கும் தப்பான ஸ்டிக்கருக்கும் பலி கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, உன் மாடியில் நிச்சயமாக வராது.

இன்வெர்ட்டரின் கையேட்டில் 'உள்ளீடு' பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. விற்பவர் அனுப்பப்போகும் பேனலின் முதுகு ஸ்டிக்கரையும் கேட்டு வாங்கி அனுப்பு. இரண்டையும் ஒத்துப் பார்த்து அன்றைக்கே பதில் போடுகிறேன், இந்த முறை நாலு மாதம் ஆகாது. அதற்குள் சாக்பீஸ் வேலையை முடித்து வை.

என்றும் உன்,
ராஜா

பி.கு.: மாட்டும்போது யாரையும் பேனல் மேல் கால் வைக்க விடாதே. கண்ணாடி தாங்கும், உள்ளே செல் கீறல் விடும், வெளியே தெரியாது. கேபிள் கனெக்டர் ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியா என்றும் பார். வேறு வேறு கம்பெனி என்றாலும் கச்சிதமாகப் பொருந்துவதுபோலத்தான் இருக்கும், நாளடைவில் சூடேறித் தீப்பிடிப்பது அங்கேதான்.