கயலுக்கு அந்த ஆன்லைன் பிசினஸ் வகுப்பு வேண்டுமா?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். கொஞ்ச நாளைக்கு அடுப்படிப் பக்கம் அவர்களை விடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். குளிர்தான் இன்னும் விட்டபாடில்லை.

இனி கயல் விஷயம். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஜூலையில் இரண்டு வார ஆன்லைன் பிசினஸ் வகுப்பு, கட்டணம் 1,800 டாலர், 'தேர்வாகிவிட்டீர்கள், 10 நாளுக்குள் முன்பணம் கட்டுங்கள்' என்று மெயில். கட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். நீ அனுப்பிய விவரங்களைப் பார்த்த வரையில் கட்ட வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். ஏன் என்று விவரமாக எழுதுகிறேன், அடுத்த வருடம் இன்னொரு மெயில் வந்தால் நீயே பார்த்துக்கொள்ளலாம்.

இதில் சேர்ந்தால் நாளைக்கு அதே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க உதவும் என்று தங்கச்சி நினைப்பதாக எழுதியிருந்தாய். உதவாது. கோடை வகுப்பை நடத்தும் பிரிவு வேறு, சேர்க்கை அலுவலகம் வேறு. வகுப்பில் படித்ததால் சேர்க்கையில் சலுகை எதுவும் இல்லை என்று பல பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கின்றன. பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் பள்ளிக்கு வெளியே செய்தவற்றை எழுத 10 இடம் உண்டு. ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துதான், அதாவது இரண்டு வரி. 'இரண்டு வார வகுப்பில் கலந்துகொண்டேன்' என்பதைத் தவிர அந்த இரண்டு வரியில் எழுத ஒன்றுமில்லை என்றால், படிப்பவர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். பணம் கட்டியவர்களுக்கெல்லாம் இடம் கொடுக்கும் வகுப்புகள் எவை என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். பள்ளி மதிப்பெண் பட்டியல், ஆசிரியர் பரிந்துரை, கட்டுரை எதுவும் கேட்காமல் கயலுக்கு இடம் தந்திருக்கிறார்கள் என்றால் அதைத் தேர்வு என்று எடுத்துக்கொள்ளாதே.

அடுத்தது, இதில் கிரெடிட், அதாவது கல்லூரிப் படிப்புக் கணக்கில் சேரும் மதிப்பு, உண்டா, வெறும் சான்றிதழ்தானா என்று பார். கிரெடிட் உள்ள வகுப்பு என்றால் முதலாம் ஆண்டுக் கல்லூரி மாணவருக்கு நடத்தும் அதே பாடம், அதே பரீட்சை, கடைசியில் பல்கலைக்கழகமே தரும் மதிப்பெண் பட்டியல். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பிசினஸ் கல்லூரியான வார்ட்டன் இந்த மாதிரி ஆன்லைன் வகுப்பு நடத்தியிருக்கிறது. அதற்கு மதிப்பு அதிகம், கட்டணமும் பல ஆயிரம் டாலர். ஆனால் அங்கே 'சி' கிரேடு வாங்கினால் அந்த 'சி' கூடவே வரும், பிறகு விண்ணப்பிக்கும் கல்லூரிகளிடம் அதையும் காட்ட வேண்டியிருக்கும். உனக்கு வந்திருப்பது சான்றிதழ் மட்டும் தரும் வகை. அதில் ஆபத்தும் இல்லை, எடையும் இல்லை.

யார் நடத்துகிறார்கள் என்பதையும் பார். பல்கலைக்கழகத்தின் சின்னம் மேலே பெரிதாக இருக்கும், பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும். பணம் யார் கணக்குக்குப் போகிறது, சான்றிதழில் யார் கையெழுத்துப் போடுகிறார், பேராசிரியர் நேரில் பாடம் எடுக்கிறாரா அல்லது முன்பே பதிவு செய்த வீடியோவில் மட்டும் வருகிறாரா என்று பார்த்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: குழந்தை செய்த வேலையை யாராவது உட்கார்ந்து படித்து, தப்பைச் சுட்டிக்காட்டித் திருப்பித் தருவார்களா? ஒரு நாளைக்கு 2 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள், இரண்டு வாரம் என்றால் மொத்தம் 20 மணி நேரம். 1,800 டாலரை வகுத்துப் பார், மணிக்கு 90 டாலர். அந்த விலைக்கு ஒரு வகுப்பில் 15 பேர் இருந்து, வாரம் ஒரு தடவையாவது பயிற்சியாளர் கயலின் கணக்கைத் தனியாகப் பார்த்தால் சரி. 80 பேர் சேர்ந்து உட்கார்ந்து கேட்கிற சொற்பொழிவென்றால் அது யூடியூபிலேயே கிடைக்கிறது.

இந்த மாதிரி வகுப்புகளில் கடைசி நாளன்று குழுவாக ஒரு தொழில் திட்டம் சமர்ப்பிக்க வேண்டும். கெட்டுப்போவது அங்கேதான். 5 பேர் குழுவில் ஒருத்தி கலிபோர்னியா, ஒருவன் ஷாங்காய், உன் மகள் கோயம்புத்தூர். வகுப்பு நேரத்துக்கு வெளியே எல்லோரும் விழித்திருக்கும் ஒரு மணி நேரம் கிடைப்பதே பாடு. இரண்டு பேர் கேமராவை அணைத்துவிட்டுக் காணாமல் போவார்கள், கடைசி ராத்திரி ஒரு பிள்ளை உட்கார்ந்து எல்லா ஸ்லைடும் செய்யும். சந்தை எவ்வளவு பெரியது என்ற ஸ்லைடில், 'இந்தியாவில் 140 கோடி பேர், அதில் 1 சதவீதம் பேர் வாங்கினால் போதும்' என்று எழுதுவார்கள். அந்த 1 சதவீதம் எங்கிருந்து வரும், ஒருவரை வாங்க வைக்க எவ்வளவு செலவாகும், வாங்கியவர் திரும்ப வருவாரா என்று கேட்கும் ஆள் இருந்தால் அந்த நிமிடமே கட்டிய காசுக்குப் பாடம் கிடைத்துவிடும். கேட்க ஆளில்லாமல் கைதட்டிச் சான்றிதழ் கொடுத்தால், தப்பான கணக்கை நம்பிக்கையோடு போடப் பழகிக்கொள்வாள்.

நேரம் இன்னொரு தொல்லை. அமெரிக்காவின் கோடை விடுமுறை ஜூன் கடைசியில் இருந்து ஆகஸ்ட் வரை. நம் ஊரில் ஜூனிலேயே பள்ளி திறந்து பிளஸ் டூ தொடங்கிவிடும். நியூயார்க், பிலடெல்பியா பக்கம் காலை 10 மணி என்றால் உங்களுக்கு இரவு 7.30, அது பரவாயில்லை, ஒரு டியூஷனை மாற்றினால் போதும். கலிபோர்னியாவில் காலை 10 என்றால் உங்களுக்கு இரவு 10.30. இரண்டு வாரம் நள்ளிரவு தாண்டி விழித்துவிட்டு மறுநாள் காலை ஸ்கூல் பஸ் பிடிப்பது கஷ்டம். மெயிலில் 'ஈ.டி.' (நியூயார்க் பக்கத்து நேரம்) என்று போட்டிருக்கிறதா 'பி.டி.' (கலிபோர்னியா நேரம்) என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பார்.

செலவும் 1,800 டாலரோடு நிற்காது. பல கிரெடிட் கார்டுகள் அந்நியச் செலாவணிக்கு 3.5 சதவீதம் வரை போடும், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் கட்டணத்தில் அதுவே ஆறாயிரத்துக்கு மேல். முன்பணம் பெரும்பாலும் திரும்ப வராது. மிச்சப் பணம் எந்தத் தேதி வரை திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதே.

கயல் பிசினஸ் மேத்ஸ் எடுத்திருப்பது நல்லதாயிற்று. வார்ட்டன் மாதிரி இடங்கள் மாணவரின் கால்குலஸைத்தான் கவனமாகப் பார்க்கின்றன. ஜூலையில் இரண்டு வாரம் மிச்சமிருந்தால் வகையீடு, தொகையீடு இரண்டையும் உறுதியாக்கிக்கொள்ளட்டும். அவளுக்கு இந்தியாவிலேயே இந்தூர் ஐ.ஐ.எம்.மின் 5 வருடப் படிப்பில்தான் ஆசை என்றால், அங்கே நுழைவுத் தேர்வும் நேர்முகமும்தான். இந்தச் சான்றிதழ் அங்கே எந்தக் கணக்கிலும் வராது.

தொழில் கற்க வேண்டும் என்ற அவள் ஆர்வம் நிஜமானது, அதை அணைத்துவிடக் கூடாது. வார்ட்டன் பேராசிரியர் பிரையன் புஷீயின் நிதிக் கணக்கியல் வகுப்பு கோர்ஸெரா என்ற ஆன்லைன் வகுப்புத் தளத்தில் இருக்கிறது, சான்றிதழோடு சேர்த்தும் சில ஆயிரம் ரூபாய்தான். பள்ளி மாணவர்களுக்கு வார்ட்டன் நடத்தும் முதலீட்டுப் போட்டியும் இருக்கிறது. 4 முதல் 7 பேர் கொண்ட குழுவும், ஆலோசகராக ஓர் ஆசிரியரும் வேண்டும். செப்டம்பர் வாக்கில் தொடங்கும். அங்கே எவ்வளவு லாபம் வந்தது என்பதைவிட, ஏன் அப்படி முதலீடு செய்தோம் என்று எழுதும் அறிக்கைக்குத்தான் மதிப்பு.

கூடவே உங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்பவரிடம் பேசி ஒரு கணக்குப் போடச் சொல். உதாரணத்துக்கு, ஒரு பாக்கெட் 45 ரூபாய், அரிசி, உளுந்து, கவர், வண்டி எல்லாம் 27, கடைக்காரருக்குக் கமிஷன் 6. பாக்கெட்டுக்கு 12 ரூபாய் மிச்சம். வாடகை, சம்பளம், கரண்ட் மாதம் 24,000 என்றால் 2,000 பாக்கெட்டில் செலவுக்கு வரவு சரியாகும். இதில் 100க்கு 5 பாக்கெட் புளித்துத் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள். மிச்சம் 10 ரூபாய் 5 காசாக இறங்கும், அரைக்க வேண்டியது ஏறக்குறைய 2,390 பாக்கெட்டாகிவிடும். வெறும் 5 சதவீதம் திரும்பி வந்ததற்குக் கிட்டத்தட்ட 20 சதவீதம் கூடுதல் வேலை. எந்தக் கடையில் எவ்வளவு திரும்புகிறது, எந்தக் கிழமை, ஏன் என்று ஒரு மாதம் குறித்து, அவருக்கு நஷ்டம் குறையும்படி ஒரு வழி சொன்னால், அந்த 150 எழுத்தில் எழுத அவளுக்கு விஷயம் இருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்று சொல்ல வேண்டும். பிசினஸா பொருளாதாரமா என்று அவள் உண்மையிலேயே குழம்பிக்கொண்டிருந்தால் நல்ல வகுப்பு ஒன்று உதவும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் இவற்றில் இளங்கலையில் பிசினஸ் படிப்பே கிடையாது. எங்கே விண்ணப்பிப்பது என்பதே இந்த முடிவைப் பொறுத்ததுதான். அதனால் கதவை அடைக்கும் முன் அவர்களுக்கு ஒரு மெயில் போடு: வகுப்பில் எத்தனை பேர், நேரடி வகுப்பு மொத்தம் எத்தனை மணி, பாடம் எடுப்பவர் யார், ஒவ்வொருவரின் வேலைக்கும் தனித்தனியாக எழுத்தில் கருத்து உண்டா, இந்தியாவில் இருப்பவருக்குக் கட்டண உதவி உண்டா. மெயிலைக் கயலே எழுதட்டும். நேராகப் பதில் சொல்லாமல் மறுபடியும் கடைசித் தேதியை மட்டும் ஞாபகப்படுத்தினால் விட்டுவிடு. விவரமாகப் பதில் வந்தால் பாடத்திட்டத்தோடு எனக்கு அனுப்பு, படித்துவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமையே கூப்பிடுகிறேன்.

தங்கச்சியையும் கயலையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரகு