சாய்ன்ஷாந்திலிருந்து அப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

ரிடையர் ஆகப்போகிற வயசில், மங்கோலியாவில் உட்கார்ந்துகொண்டு மோரின் ஹூர் கற்றுக்கொள்வது அப்பாவுக்குத் தேவையா என்று அம்மாவிடம் கேட்டுச் சிரித்தாயாம். சிரித்துக்கொள். ஆனால் "அதுவும் ஒரு ஃபிடில்தானே, எனக்கு ஒரு வாரம் போதும்" என்றாயாமே, அதற்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. போனில் சொன்னால் பாதியிலேயே மடக்கிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

மோரின் ஹூர் மங்கோலியர்களின் வில் வாத்தியம், அதைத் தோளில் வைக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து, மேலே குறுகிக் கீழே அகன்ற அந்தப் பெட்டியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொள்ள வேண்டும். கழுத்தின் உச்சியில் செதுக்கிய குதிரைத் தலை. அதற்குக் கீழே இரண்டு பக்கமும் முறுக்காணி. தந்தி இரண்டே இரண்டு. பழைய வழக்கப்படி கனமான தந்திக்கு ஆண் குதிரையின் வாலிலிருந்து 130 மயிர், மெல்லியதற்குப் பெண் குதிரையின் வாலிலிருந்து 105. முறுக்காமல் அப்படியே சேர்த்துக் கட்டுவார்கள். என்னுடையது நைலான், அதுவும் இழை இழையாகத்தான் இருக்கிறது. வில்லிலும் குதிரை மயிர். மயிர்மேல் மயிர் உரசுவதால் ஒவ்வொரு ஸ்வரத்திலும் கொஞ்சம் மூச்சு கலந்து வரும். உன் வயலினில் அந்தக் கரகரப்பு வந்தால் டீச்சர் திட்டுவார்கள். இங்கே அது இல்லாவிட்டால்தான் வாத்தியார் முகம் சுளிக்கிறார்.

சுருதி சேர்ப்பது உனக்குச் சுலபம். இப்போதெல்லாம் மேற்கத்திய ஸ்வரக் கணக்கில் கனமான தந்தியை எஃப், மெல்லியதை பி ஃப்ளாட் என்று வைக்கிறார்கள். உன் வயலினில் நடு இரண்டு தந்திக்கும் உள்ள ப-ஸ உறவுதான் அது. வகுப்பு வாசலில் உனக்காகக் காத்திருந்த காலத்தில் காதில் விழுந்ததெல்லாம் இப்போது எனக்கு உதவுகிறது. காதுக்கு மட்டும்தான். கைக்கு இல்லை.

ஏனென்றால் இங்கே தந்தியை அழுத்துவதே கிடையாது. அது கழுத்திலிருந்து அவ்வளவு உயரத்தில் நிற்கிறது, அழுத்தினாலும் கட்டையைத் தொடாது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கி, நகம் சதையிலிருந்து கிளம்பும் அந்த அடிப்பகுதியால் தந்தியைப் பக்கவாட்டில் தொட வேண்டும். சாரங்கிக்காரர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். முதலில் அந்த இடம் சிவந்து வீங்கும், அப்புறம் காய்த்துப்போகும். மற்ற விரல்களுக்கு வேறு முறை, அதை நீயே வந்து பார். வலது கையும் தலைகீழ். உள்ளங்கை மேலே பார்க்க வில்லைப் பிடித்து, மோதிர விரலாலும் சுண்டுவிரலாலும் வில்லின் மயிரை இழுத்து இறுக்க வேண்டும். தளர்த்தினால் ஒரு நாதம், இறுக்கினால் வேறு நாதம். வயலின் கையோடு வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான் என்கிறார் வாத்தியார். உன்னைத்தான் சொல்கிறார் என்று வைத்துக்கொள்.

அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பேச எங்களுக்குப் பொதுவாக ஒரு மொழி கிடையாது, அவர் பேத்தி வந்து உட்கார்ந்தால்தான் பேச்சு. பாடம் ஆரம்பிக்குமுன் உப்புப் போட்ட பால் டீ வரும், குடித்தே ஆக வேண்டும். சரளி வரிசை மாதிரி எதுவும் கிடையாது. முதலில் இடது கையைக் கீழே போடச் சொல்லிவிட்டு, திறந்த தந்தியில் வில்லை மட்டும் இழுக்க வைத்தார். குதிரையின் நடை வில்லில் வர வேண்டுமாம். முழங்காலில் தட்டிக் காட்டினார்: நடை, பெருநடை, நாலுகால் பாய்ச்சல். இவர்களுக்கு அந்த நடைகளையே வாத்தியத்தில் கொண்டுவரும் மெட்டுகள் ஒரு தனி வகை. பேர் தத்லகா. குதிரை மேல் ஏறியே அறியாத நான் அதை எப்படி வாசிப்பது? கோடையில் ஏற்றிவிடுகிறேன் என்று பேத்தி மூலம் சொல்லி அனுப்பினார். பயமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. இங்கே கோபிப் பாலைவனத்தில், ஈன்ற குட்டியைச் சேர்க்காத தாய் ஒட்டகத்தின் பக்கத்தில் நின்று "ஹூஸ் ஹூஸ்" என்று திரும்பத் திரும்பப் பாடி, இந்த ஹூரையும் வாசிப்பார்கள். மனசு இளகி அது குட்டிக்குப் பால் விடும்வரை விடமாட்டார்கள். யுனெஸ்கோ 2015-ல் இந்த வழக்கத்தை அவசரமாகக் காப்பாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. கச்சேரி மேடையில் நூறு பேர் கேட்பதைவிட ஒரு ஒட்டகம் கேட்பதுதான் பெரிய பரீட்சை என்று எனக்குத் தோன்றுகிறது.

உனக்கும் ஒரு ஹூர் வாங்கி வரச் சொன்னாய். முன்பெல்லாம் பெட்டியின் முகப்பில் தோல் போர்த்துவார்கள். சோவியத் காலத்தில் பெரிய அரங்கில் கேட்க வேண்டும் என்று பலகையாக்கி, வயலின் மாதிரி எஃப் வடிவத் துளையும் வைத்தார்கள். வாத்தியாரிடம் தோல் வைத்த பழையது ஒன்று இருக்கிறது. சத்தம் கம்மி, ஆனால் எனக்கு அதுதான் பிடிக்கிறது. நம் ஊர் ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும், அதனால் உனக்குப் பலகைதான்.

ஜூலையில் லீவு போடு. 11-ஆம் தேதி இவர்களுடைய தேசியத் திருவிழாவான நாடம் தொடங்கும், குதிரைப் பந்தயம் பார்க்கலாம். உலான்பாத்தரிலிருந்து இங்கே வர ரயில் இருக்கிறது. வரும்போது உன் வயலின் பெட்டியில் சும்மா கிடக்கும், வில்லில் தேய்க்கிற ரோசின் கட்டியை எடுத்து வா, என்னுடையது தேய்ந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லிப் பருப்புப் பொடியும்.

அன்புடன்,
அப்பா