குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–25 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, குப்பை வண்டி, மழைநீர் வடிகால் தூர்வாருதல் ஆகியவை குறித்து மாநகராட்சிக்கு நாம் கொடுத்த மனுக்களின் நகல்கள் கோப்பில் உள்ளன. விளக்குகள் எரிகின்றன. வடிகாலில் பாதி வேலை முடிந்திருக்கிறது, மீதிக்கு மறுபடியும் மனு கொடுத்திருக்கிறோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனவே அவற்றை இத்துடன் விட்டுவிட்டு, இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன். அது நம் வீட்டுப் பழுது வேலையும், அதில் நாம் ஏமாந்த கதையும்.

2024 அக்டோபர் நடுவில் பெய்த மழை நினைவிருக்கும். வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் கார்களை வரிசையாக நிறுத்திய அந்த மழைதான். நம் மடிப்பாக்கத்தில் தெருத்தண்ணீர் வடிந்தபின்னும் பல வீடுகளில் கூரையில் ஓதம் வடியவில்லை. அந்த வாரமே இரண்டு பேர் பைக்கில் தெருத்தெருவாக வந்தார்கள். கையில் வண்ண நோட்டீஸ், வாயில் பத்து வருட கேரண்டி.

நம் மூத்த உறுப்பினர் ஒருவர் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் வெளியூரில். அவரிடம், "அம்மா, இப்ப விட்டீங்கன்னா கம்பி துருப்பிடிச்சு தளமே இறங்கிடும்" என்று பயமுறுத்தி நாற்பதாயிரம் ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு நாள் வந்து மாடியில் பழைய தட்டோடுகளைப் பெயர்த்துப் போட்டார்கள். மூன்றாம் நாள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை வந்தபோது, மேலே மூடாக்கு இல்லாத தளம் வழியாகத் தண்ணீர் படுக்கையறையில் சொட்டியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரவோடிரவாகத் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சங்கத்தின் நன்றி.

டிசம்பரில்தான் தெரிந்தது, அதே ஆட்கள் நம் பகுதியில் இன்னும் நான்கு வீடுகளில் இதையே செய்திருக்கிறார்கள். அதில் ஒரு வீடு அந்த அம்மா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. அங்கே அவர்கள் கைவரிசை காட்டியது, அந்த அம்மாவிடம் வருவதற்கு மூன்று வாரம் முன்னால். "ஏங்க, அப்பவே சொல்லியிருக்கலாமே" என்று அந்த வீட்டுக்காரரிடம் கேட்டேன். "பையன் திட்டுவான்னு யார்கிட்டயும் சொல்லலைங்க" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏமாந்ததை வெளியே சொல்ல நம் எல்லோருக்குமே கூச்சம். அந்தக் கூச்சம்தான் அவர்களுக்கு அடுத்த வீட்டுக் கதவைத் திறந்துவிட்டது.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். நோட்டீசில் இருந்த முகவரியில் அப்படி ஒரு அலுவலகமே இல்லை. கொடுத்த பணத்தில் பெரும்பகுதி ரொக்கம், ரசீது கிடையாது. பணம் இன்றுவரை திரும்பவில்லை. இதை மறைக்காமல் பொதுக்குழுவில் பதிவு செய்கிறேன்.

இதற்குப் பின்தான் செயற்குழு ஒரு பதிவேடு தொடங்க முடிவு செய்தது. யார் வீட்டில் என்ன வேலை, யார் செய்தார், எவ்வளவு ஆனது, அடுத்த மழையில் தாங்கியதா என்ற நான்கே பத்திகள். ஜனவரியில் கட்டடப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர், அந்த அம்மா வீட்டு மாடியிலேயே நம்மை நிற்கவைத்து இரண்டு மணி நேரம் விளக்கினார். வர முடியாதவர்களுக்காக அதில் முக்கியமானதை இங்கே எழுதுகிறேன்.

ஓதம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது. மழைக்காலத்தில் மட்டும் கூரையில் படர்ந்து, வெயிலில் காய்ந்துவிட்டால் மாடியைப் பாருங்கள். சொட்டு மழை இல்லாத மே மாதத்திலும் ஈரம் இருந்தால் குழாயோ குளியலறையோதான் காரணம். இரவு படுக்கும்போது எல்லாக் குழாயையும் அடைத்து, மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு. தரையிலிருந்து ஓரிரண்டு அடிவரை மட்டும் சுவர் பொரிந்து உப்புப் பூத்தால் அது அடியிலிருந்து ஏறும் ஈரம், அதற்கு மாடியில் என்ன பூசினாலும் பயனில்லை. வந்தவர் இது எதையும் பார்க்காமல் நேரே சதுர அடி ரேட் சொன்னால், அவரை அனுப்பிவிடலாம்.

மாடி ஒழுகுவதற்குப் பல வீடுகளில் பெரிய காரணமே இருப்பதில்லை. தண்ணீர் வடியும் வாட்டம் கெட்டிருக்கும், வடிகுழாய் வாயில் வேப்பிலையும் பாலித்தீன் பையும் அடைத்திருக்கும், தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் பூச்சு விரிந்திருக்கும். நூறு அடிக்கு ஓர் அடியாவது வாட்டம் வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் மாடியைக் கூட்டி, வடிகுழாயில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமான மழைநீர்ச் சேகரிப்பை நாம் எல்லோரும் அமைத்தோம். ஆனால் அந்தத் தொட்டியின் ஜல்லியையும் மணலையும் அதன்பின் எடுத்துக் கழுவியவர்கள் குறைவு. அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் மாடியிலேயே தேங்கும்.

இனி என் வீட்டு விஷயம். முன்வாசல் கூரையில் காங்கிரீட் பொருக்கு விழுந்தது, கம்பி தெரிந்தது. நான் கூப்பிட்ட ஒருவர் ஒரே நாளில் சிமெண்ட் பூசி வெள்ளையடித்துக் கொடுத்தார். பார்க்க அழகாக இருந்தது. ஒரு வருடத்தில் அதே இடம், முன்னைவிடப் பெரிதாக, என் பேரன் உட்காரும் நாற்காலி மேல் விழுந்தது. நல்லவேளை, அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். இரும்பு துருப்பிடித்தால் முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கிறது, அந்த உப்பல்தான் காங்கிரீட்டைத் தள்ளுகிறது. துருவை உள்ளே வைத்துப் பூசினால் மறுபடியும் தள்ளும். ஆகவே தட்டிப் பார்த்துப் பொள்ளலாகக் கேட்கும் இடம் முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியைக் கம்பித் தூரிகையால் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பழையதும் புதியதும் ஒட்டப் பிணைப்புக் கரைசல் தடவி, பிறகுதான் பாலிமர் கலந்த சாந்து. கம்பி கண்ணுக்குத் தெரியும்படி தின்றுபோய் மெலிந்திருந்தால் பொறியாளர் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம், இதில் எந்தப் படியை விடப்போகிறீர்கள் என்று கேளுங்கள்.

நீர்க்காப்புப் பூச்சில் நடக்கும் தில்லுமுல்லு பெரும்பாலும் அளவில்தான். முப்பது ஆண்டு கணக்குப் பாடம் நடத்தியவள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மாடி 30 அடிக்கு 40 அடி என்றால் 1,200 சதுர அடி. கைப்பிடிச் சுவர் மூன்றடி உயரம், சுற்றளவு 140 அடி, அதன் உட்புறம் 420 சதுர அடி. ஆக மொத்தம் 1,620. நம் உறுப்பினர் ஒருவருக்கு இதே அளவு மாடிக்கு 2,000 என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். டேப்பைப் பிடித்து அளந்து காட்டியதும் சத்தமில்லாமல் திருத்தினார்கள். அடுத்தது, பூச்சு டப்பாவின் மேலேயே ஒரு லிட்டர் எவ்வளவு பரப்புக்கு வரும் என்று அச்சிட்டிருக்கும். உங்கள் பரப்பை அதால் வகுத்து, எத்தனை கோட் என்பதால் பெருக்கினால் எத்தனை லிட்டர் வர வேண்டும் என்று தெரிந்துவிடும். அதில் பாதிதான் வந்தால் தண்ணீர் கலக்கிறார்கள் அல்லது ஒரு கோட்டோடு நிறுத்துகிறார்கள். டப்பாவின் சீல் உங்கள் கண்முன் உடைய வேண்டும். காலியான பெயர்பெற்ற கம்பெனி வாளியில் மலிவான சரக்கை ஊற்றிக் கொண்டுவருவதும் நடக்கிறது. முடிந்தால் பொருளை நீங்களே கடையில் வாங்கிக் கொடுத்து, கூலிக்கு மட்டும் பேசுங்கள். சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் இருக்கும். மூன்று மாதம் தாண்டிய மூட்டை வேண்டாம்.

வேலை முடிந்ததும் வடிகுழாயை அடைத்து, மாடியில் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். கீழே ஒரு சொட்டு ஈரம் இல்லையென்றால்தான் கடைசித் தவணை. காங்கிரீட் போட்டால் சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், இப்போது பெரும்பாலும் கிடைக்கும், சாம்பல் கலந்த பி.பி.சி. வகைச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாளும் ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும். இதை ஆளிடம் விடாமல் வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏசி பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு கோடையிலும் "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று நிரப்பிப் பணம் வாங்குகிறார்கள். ஏசி வாயு பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் காட்டி அடைக்காமல் நிரப்ப விடாதீர்கள். மின்சாரத்தில், மெயின் போர்டில் கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியதும் சுவிட்ச் கீழே விழவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள். மழைக்காலத்தில் ஈரச் சுவருள்ள வீடுகளில் இதுதான் உயிர்.

கழிவுநீர்த் தொட்டி விஷயத்தில் செயற்குழு கண்டிப்பாக இருக்கிறது. குறைந்த செலவில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்கிறேன் என்று யார் வந்தாலும் சம்மதிக்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், இறக்கிவிட்டவரும் குற்றவாளி. அதைவிட, உள்ளே இருக்கும் விஷவாயு நிமிடத்தில் ஆளைக் கொல்லும். 14420 என்ற எண்ணுக்கு அழைத்து, அனுமதி பெற்ற லாரியை வரவழையுங்கள்.

பணம் கொடுப்பதில் நாம் இனி ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும் என்று செயற்குழு கேட்டுக்கொள்கிறது. வேலை விவரம், பொருள், கோட் எண்ணிக்கை, தொகை எல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அட்வான்ஸ் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மீதி, முடிந்த வேலைக்கு ஏற்பத் தவணையாக, வங்கி அல்லது யுபிஐ வழியாக. ஜி.எஸ்.டி. சேர்த்துக் கேட்டால் பதினைந்து இலக்கப் பதிவு எண் உள்ள பில் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் எண் 33-இல் தொடங்கும். அரசு இணையதளத்தில் போட்டால் யார் பெயர் என்று தெரியும். பதிவு இல்லாத சிறு கொத்தனார் வரி கேட்கக் கூடாது, கேட்காதவரைக் குறைசொல்லவும் வேண்டாம். வேலை மோசமானால் 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. ஆனால் கையில் தாள் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த அம்மா வீட்டு மாடியைப் பொங்கலுக்குப் பின் சரிசெய்து கொடுத்தவரும் ஒரு கொத்தனார்தான். பழைய தட்டோடுகளில் உடையாதவற்றைத் தேடியெடுத்துக் கழுவி மறுபடி பதித்தார். "புதுசு எதுக்கும்மா, காசு வீண்" என்றார். அவரையே போன வருடம் நம்மில் ஒருவர் பேரம் பேசிப் பேசி, சனிக்கிழமைக் கூலியை அடுத்த வாரத்துக்குத் தள்ளி, வேலையை விட்டுப் போகவைத்தார் என்பதும் எனக்குத் தெரியும். மூன்று பேரிடம் விலை கேட்டு, மற்றவர்களைவிட வெகுகுறைவாகச் சொன்னவரைப் பிடித்துக்கொள்வதும் நாம்தான். அந்த விலையில் ஒழுங்கான பொருள் வாங்க முடியாது என்று கணக்குப் போட்டால் தெரியும். சித்தாளுக்குச் சனிக்கிழமை மாலை கூலி போக வேண்டும். இதைப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறோம்.

வரும் ஆண்டில், ஆகஸ்ட் முடிவதற்குள் விருப்பமுள்ள வீடுகளின் மாடிகளைப் பொறியாளர் உறுப்பினரும் இரண்டு இளைஞர்களும் வந்து பார்ப்பார்கள். இதற்குக் கட்டணம் இல்லை. தனியாக இருக்கும் மூத்தவர்கள் வீட்டில் எந்த வேலை பேசினாலும் செயற்குழுவில் ஒருவர் உடன் இருப்பார். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு போன் செய்தால் போதும், இரவு ஒன்பது மணியானாலும் வருகிறேன்.

பதிவேடு நுழைவாயில் மேசையில் இருக்கிறது. பேனாவும் கட்டியிருக்கிறது. நல்ல அனுபவம், மோசமான அனுபவம் இரண்டையும் எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். பெயர் எழுத விருப்பமில்லாதவர்கள் தெருவை மட்டும் எழுதலாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்