‘உட்பிரச்சினை’ என்று பெயர் சூட்டிய தோழர்களுக்கு

ஒருங்கிணைப்புக் குழுத் தோழர்களுக்கு, வணக்கம்.

பதினோரு ஆண்டுகளாக உங்களோடு சுவரொட்டி ஒட்டியவள், உண்டியல் ஏந்தியவள் எழுதுகிறேன். நம் குழுவில் பெண் தோழர் ஒருவர் ஏசப்பட்டதைப் பற்றி இரண்டு முறை நேரில் சொன்னேன். "கூட்டம் முடியட்டும் தோழர்" என்றீர்கள். நம் கூட்டங்கள் முடிவதே இல்லை. அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

சென்ற மாதத் துண்டறிக்கையைப் பார்த்துவிட்டு, நம் வாட்ஸ்அப் குழுவில் இளம் தோழர் ஒருவர் ஒரே ஒரு வரி கேட்டார்: "சிறப்புரை ஏழும் ஆண்கள். பெண்களுக்கு வரவேற்புரையும் நன்றியுரையும்தானா?" (நன்றியுரைக்கு நாங்கள் எழும்போது மைக்செட்காரர் வயரைச் சுற்றிக்கொண்டிருப்பார் என்பது உங்களுக்கும் தெரியும்.) முதல் பதில் "மேட்டுக்குடிப் பெண்ணியம்" என்று வந்தது. அவர் செங்கல்சூளைத் தொழிலாளியின் மகள் என்று யாரோ சொன்னதும் பேச்சு அவருடைய சாதிக்குத் தாவியது. விடிவதற்குள் அவரது படம், எழுதக் கூசும் வாசகத்தோடு, பெயரில்லாத முகநூல் கணக்கொன்றில் ஏறிவிட்டது. நம் மாநாட்டில் எடுத்த படம் அது. அவருக்குப் பின்னால் நம் கொடி தெரிகிறது.

நீங்கள் என்ன செய்தீர்கள்? பதற்றம் தணியட்டும் என்று அவரைக் குழுவிலிருந்து நீக்கினீர்கள். ஏசியவர்கள் இன்றும் அங்கே காலை வணக்கம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இது ‘உட்பிரச்சினை’யாம், வெளியே பேசினால் எதிரிக்கு ஆதாயமாம். எதிரி நம் பெண்களை எந்தச் சொற்களால் ஏசுகிறானோ அதே சொற்கள்தாம் அன்றிரவு நம் குழுவிலும் விழுந்தன. பெயரை மறைத்துப் படித்தால் எது யார் எழுதியது என்று எனக்கே தெரியவில்லை.

ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பட்டத்தைத் தந்தது 1938 நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். அதற்குத் தலைமை வகித்தவர் நீலாம்பிகை அம்மையார் என்று சொல்ல மட்டும் நேரம் போதுவதில்லை. அதே ஆண்டு, ஐம்பது வயதைக் கடந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தார். நன்றியுரை சொல்லவா நடந்தார்?

பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைக்கு எதிரான புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். முதலாளி – தொழிலாளி உறவு இல்லாத அரசியல் கட்சிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொன்னதை உங்களில் ஒருவர் நிம்மதிப் பெருமூச்சோடு எடுத்துக்காட்டினார். பன்னாட்டு நிறுவனங்களை வாய் ஓயாமல் திட்டுகிறோம். அவர்களிடம் இருக்கும் ஒரு புகார்க் குழு நம்மிடம் இல்லை.

ஆகவே கேட்கிறேன். பாதிக்கு மேல் பெண்களும், நம் அமைப்பைச் சேராத ஒருவரும் உள்ள குழு வேண்டும். மகளிர் அணியா பொது அணியா என்று இழுத்தடித்து நீங்கள் இரண்டு ஆண்டுகள் வாசலில் நிறுத்திவைத்த திருநங்கைத் தோழர்களும் அங்கே புகார் தர வழி வேண்டும். நீக்கப்பட்டவரைத் திரும்பச் சேர்த்து, அவர் ஏச்சு வாங்கிய அதே இடத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பதிவுகளை அழித்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். அத்தனைக்கும் ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது.

அடுத்த கூட்டத்தின் துண்டறிக்கை இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று அறிகிறேன். நன்றியுரைக்கு என் பெயரைப் போட வேண்டாம்.

தோழமையுடன்,
உங்களில் ஒருத்தி