6 ஆம்பியர் பாயிண்ட்

உசிலம்பட்டி
ஞாயிறு இரவு

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் நீ "ம்", "சரிப்பா" என்கிறாய். நானும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் பேப்பரை எடுத்தேன். இங்கே எல்லாரும் நலம். அப்பத்தாவுக்கு முட்டிவலி அப்படியேதான்.

முதலில் அந்த ஹீட்டர் ராடு. பொங்கலுக்கு வந்தபோது உன் பையில் பார்த்தேன். அது 1500 வாட். உங்கள் ஹாஸ்டல் ரூமில் இருப்பது 6 ஆம்பியர் பாயிண்ட், 1380 வாட்தான் தாங்கும். ஆறு ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 1380 என்று ஏழாம் வகுப்பிலேயே மனக்கணக்காகச் சொன்னவள் நீ. 25 வருஷமாக வயர்மேன் வேலை பார்க்கிறேன், நான் இன்னும் எழுதித்தான் போடுகிறேன். அப்பேர்ப்பட்டவள் அதே பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி, அதில் ராடு, இன்னொருத்தியின் கெட்டில், நாலு சார்ஜர்! பிளக்கைத் தொட்டுப் பார். சுட்டால் உள்ளே கருக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வாளியில் ராடு கிடக்கும்போது சூடாகிவிட்டதா என்று விரலை விடாதே. சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தண்ணீரைத் தொட வேண்டும். சித்தப்பா விஷயம் உனக்குத் தெரியும், நான் எழுத வேண்டியதில்லை.

அடுத்தது மாடிப்படி கேட். அட்மிஷன் அன்று உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போதே கவனித்தேன். மூன்றாவது மாடி, ஒரே படிக்கட்டு, கீழே இழுத்துப் பூட்டுகிற இரும்பு கேட். ராத்திரி 9 மணிக்குப் பூட்டு. ஜன்னலுக்கெல்லாம் கம்பி. பிள்ளை பத்திரமாக இருக்கும் என்று உன் அம்மா சந்தோஷப்பட்டாள். எனக்கு அன்றிலிருந்தே வயிறு கலங்குகிறது. நம் மதுரையில் 2024 செப்டம்பரில் பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லேடீஸ் ஹாஸ்டலில் விடிகாலையில் பிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்து உயிர்ச்சேதமே ஆனதே. அந்தச் சாவி ராத்திரியில் யாரிடம் இருக்கிறது, அவர் எங்கே படுக்கிறார் என்று கேட்டு வை. வெட்கப்படாமல் கேள். தீ வந்து சேரும் முன்னாலேயே புகை ஆளை மயக்கிவிடும், அதனால் நிமிர்ந்து நடக்காமல் ஈரத்துணியை மூக்கில் வைத்துத் தவழ்ந்து போ. கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, சுட்டால் திறக்காதே. கதவிடுக்கில் ஈரத்துணியை அடைத்துவிட்டு ஜன்னலில் நின்று கத்து. 112 அடி. ஆம்புலன்ஸ் 108. படித்த பிள்ளை, உனக்குத் தெரியாததா? தெரிந்தாலும் சுவரில் எழுதி ஒட்டு. சித்தப்பா அன்றைக்கு எனக்கு ஒரு நம்பரும் ஞாபகம் வரவில்லை.

அப்புறம், பொதுவாகத்தான் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ராகிங்குக்கு 1997-லேயே சட்டம் வந்துவிட்டது, இரண்டு வருஷம் வரை ஜெயில். 1800 180 5522 என்று ஒரு நம்பர், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். சீனியர் என்பதற்காகப் பொறுத்துப் போக வேண்டியதில்லை. உன்னை யாரோ ஏதோ செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பொங்கலுக்கு வந்தபோது ரூம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு படுத்தாய். நம் வீட்டில் அந்தத் தாழ்ப்பாளை யாரும் போட்டதில்லை, துருப்பிடித்துக் கிடந்தது. நீ அதை இழுத்த சத்தம் கூடத்தில் படுத்திருந்த எனக்குக் கேட்டது. காலையில் எழுந்து அதற்குத் தேங்காய் எண்ணெய் போட்டு வைத்தேன். உன்னிடம் கேட்கத் தோன்றவில்லை. இல்லை, தோன்றியது.

ராடு விஷயத்தை மறந்துவிடாதே. வார்டன் பிடுங்கினால் சண்டை போடாமல் கொடுத்துவிடு. கேட் சாவியையும் கேள்.

மார்கழியில் ஒரு வியாழக்கிழமை ராத்திரி 11.40-க்கு நீ அடித்தாய். தூங்கிவிட்டேன் தாயி என்று மறுநாள் சொன்னேன். தூங்கவில்லை. போன் கையில்தான் இருந்தது, உன் பெயரைப் பார்த்தேன். ரூம் மாற்ற வேண்டும் என்று நீ ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டு, இரண்டு தடவையும் அனுசரித்துப் போ என்று சொல்லியிருந்தேன். மறுபடியும் அதுதான் என்று நினைத்துப் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். அடித்து ஓயும் வரை அது பாயில் அதிர்ந்துகொண்டே இருந்தது. மறுநாள், எதற்கு அடித்தாய் என்றதற்கு "சும்மாதாம்ப்பா" என்றாய். அடுத்த வீட்டில் பீஸ் போய்விட்டது என்றால் ராத்திரி 2 மணிக்கும் எழுந்து போகிறவன் நான். அம்மாவுக்கு இது தெரியாது.

சனிக்கிழமை ஆரப்பாளையத்தில் முதல் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறுகிறேன். ரூம் மாற்றுகிற லெட்டரை எழுதி வை, கையெழுத்துப் போடுகிறேன். காரணம் நீ சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. உள்ளே ஆம்பளைகளை விடமாட்டார்கள், தெரியும். வாசலில் நிற்கிறேன். நீ அந்த ராடை எடுத்துக்கொண்டு கீழே வா.

அப்பா