நாயகி வேடம் மட்டும் ஏன் நழுவியது?

ஆசிரியருக்கு,

2024-இல் வந்த 'கோல்டன் காமுய்' என்ற ஜப்பானியப் படத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பனியையும் கரடிச் சண்டையையும்தான் சொல்கிறார்கள். எனக்கு உறுத்தியது வேறு. ரஷ்ய-ஜப்பான் போருக்குப் பிந்தைய ஹொக்கைடோவில், அதாவது ஜப்பானின் வடக்குத் தீவில், நடக்கும் கதை இது. நாயகி அசிர்பா அங்குள்ள பூர்வகுடிகளான ஐனு இனச் சிறுமி; நடித்திருப்பவரோ ஐனு அல்லாத அன்னா யமதா. நன்றாகவே நடித்திருக்கிறார், சரி. மொழிக்கும் பண்பாட்டுக்கும் ஆலோசகர்களை வைத்து, உடை, வீடு, சாப்பாடு என்று அக்கறையோடு காட்டியிருக்கிறார்கள். அந்த அக்கறை நடிகர் தேர்வில் எங்கே போனது? ஐனுக்களை ஜப்பானியராக மாற்ற முனைந்த 1899-ஆம் ஆண்டுச் சட்டம் 1997 வரை நீடித்தது. பூர்வகுடிகள் என்று சட்டமே ஒப்புக்கொண்டது 2019-இல்தான். பிரபல முகம் இருந்தால்தான் டிக்கெட் விற்கும் என்பார்கள். புது முகத்துக்கு வாய்ப்பே தராமல் அவர் எப்படிப் பிரபலமாவார்?

- ஒரு வாசகி, திருச்சி