ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் கண்ணாடிக் கலைக்காட்சிப் பயணம் குறித்துப் பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

வரும் வியாழக்கிழமை நம் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியர் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றுக்குச் சென்று, அதன் முகப்புக் கூடத்தில் நிறுவப்பட்டிருக்கும் கண்ணாடிக் கலைப்படைப்பைப் பார்வையிட இருக்கிறார்கள். தேர்வுகள் நெருங்கிவரும் வேளையில் ஒரு முழு நாளை இதற்காகச் செலவிடத்தான் வேண்டுமா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி அது; ஆகவே சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத வைரஸ்களையும் பாக்டீரியாக்களையும் பல லட்சம் மடங்கு பெரிதாக்கி, நிறமற்ற கண்ணாடியில் செய்து, மெல்லிய கம்பிகளில் வெவ்வேறு உயரங்களில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அறிவியல் ஆசிரியரும் ஓவிய ஆசிரியரும் நானும் முன்னதாகவே சென்று பார்த்து வந்தோம். அவற்றுள் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது, பாக்டீரியாவைத் தாக்கும் டி4 என்னும் வைரஸின் மாதிரி. இருபது முக்கோண முகங்கள் கொண்ட நீள்தலை, அதன்கீழ் உறையிட்ட வால், வாலின் அடியில் முழங்கால் மடித்ததுபோல் விரிந்து நிற்கும் ஆறு நுண்ணிழைகள் என ஒவ்வொன்றும் துல்லியமாக அமைந்திருக்கின்றன. உண்மையில் அந்த வைரஸின் நீளம் ஏறத்தாழ 200 நானோமீட்டர் (ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர்). மாதிரியோ சுமார் 20 சென்டிமீட்டர், அதாவது பத்து லட்சம் மடங்கு. அளவுகோல் என்ற பாடத்தைக் கரும்பலகையில் எத்தனை முறை விளக்கினாலும், இந்த ஒரு மாதிரியின் முன் நிற்கும்போது கிடைக்கும் தெளிவு கிடைக்காது.

அவை நிறமற்றிருப்பதற்குக் காரணம் உண்டு. நம் கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. பெரும்பாலான வைரஸ்கள் அதைவிடச் சிறியவை; ஆதலால் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் அவற்றின் வடிவம் தெரிவதில்லை. எர்ன்ஸ்ட் ரஸ்காவும் மாக்ஸ் நோலும் 1931-இல், ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான் கற்றையைக் கொண்டு உருவம் காட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் முதல் வடிவத்தை உருவாக்கிய பிறகு, அந்த தசாப்தத்தின் இறுதியில்தான் வைரஸ்களின் உருவத்தை மனிதர்கள் முதன்முதலாகக் கண்டார்கள். அந்தப் படங்களும் கறுப்பு வெள்ளையே. புத்தகங்களிலும் செய்திகளிலும் நாம் காணும் சிவப்பும் பச்சையும் பின்னர் சேர்க்கப்பட்டவை. அறிவியல் படம் ஒன்றைப் பார்க்கும்போது அதில் எது கண்டறியப்பட்டது, எது விளக்கத்துக்காகச் சேர்க்கப்பட்டது என்று பிரித்துக் கேட்கும் பழக்கம் இந்த வயதிலேயே வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கண்ணாடியில் உயிர்களைப் படைப்பது நேற்றுத் தோன்றிய முயற்சியன்று. ஜெர்மனியின் டிரெஸ்டன் பகுதியில் வாழ்ந்த லியோபோல்ட் பிளாஷ்கா, அவருடைய மகன் ருடால்ஃப் ஆகிய இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் முதுகெலும்பற்ற உயிரினங்களைக் கண்ணாடியில் செய்து அருங்காட்சியகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்பினார்கள். சாராயத்தில் இட்டுவைத்த இழுதுமீன் நிறமும் வடிவமும் இழந்துவிடும். கண்ணாடி இழுதுமீனை ஆண்டுக்கணக்கில் வைத்துப் பாடம் நடத்தலாம். பின்னர் 1887 முதல் 1936 வரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக அவர்கள் செய்த ஆயிரக்கணக்கான தாவர மாதிரிகள் இன்றும் அங்கே இருக்கின்றன.

காட்சியைப் பார்த்தபின் அந்நிறுவனத்தின் கண்ணாடிப் பட்டறைக்கும் நம் மாணவர்கள் அழைத்துச் செல்லப்படுவார்கள். ஆய்வுக்கூடங்களுக்கு வேண்டிய தனிவகைக் குழாய்களையும் குடுவைகளையும் கையால் செய்யும் இடம் அது. அங்கே பயன்படுவது பெரும்பாலும் போரோசிலிகேட் கண்ணாடி. சூடேறும்போது மிகக் குறைவாகவே விரிவதால் அது எளிதில் விரிசல் விடுவதில்லை. சுடரில் கண்ணாடி உருகத் தொடங்கியதும் அதிலுள்ள சோடியத்தால் பளிச்சென்று மஞ்சள் ஒளி எழும். வேதியியல் கூடத்தில் உப்பைச் சுடரில் காட்டும்போது தோன்றும் அதே மஞ்சள்தான். அந்த ஒளி கண்ணை மறைக்காதிருக்க, பட்டறையினர் அதனை மட்டும் வடிகட்டும் தனிக் கண்ணாடி அணிந்து வேலை செய்கிறார்கள். அதை நம் பிள்ளைகளும் அணிந்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். செய்து முடித்த பொருளை உடனே வெளியே வைத்தால் உள்ளழுத்தம் தங்கி, பிறகு ஒருநாள் காரணமே தெரியாமல் உடையும். அதனால் அதைச் சுமார் 560 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள உலையில் வைத்து மெல்ல மெல்ல ஆறவிடுகிறார்கள்.

"எனக்குப் படம் வரையத்தான் வரும், அறிவியல் வராது" என்று சொல்லும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். சில வேளைகளில் அந்தச் சொல் பெரியவர்களிடமிருந்தே அவர்களுக்கு வந்து சேர்கிறது என்பது எனக்கு வருத்தம் தருகிறது. நரம்புச் செல்களின் அமைப்பை வெளிப்படுத்தி 1906-இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் நாட்டு அறிஞர் ராமோன் இ கஹால் இளமையில் ஓவியராகவே விரும்பியவர். நுண்ணோக்கி வழியே கண்டவற்றை அவர் தம் கையால் வரைந்த படங்கள் இன்றும் மதிக்கப்படுகின்றன. இந்தப் பயணத்தை அறிவியல் ஆசிரியரும் ஓவிய ஆசிரியரும் இணைந்து நடத்துவதற்கு இதுவே காரணம்.

ஒவ்வொரு மாணவரும் ஏதேனும் ஒரே ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுத்து, அதன் முன் அமர்ந்து, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பார்த்து வரைய வேண்டும். படம் அழகாக வர வேண்டும் என்பதில்லை. இழைகள் எத்தனை, அவை எங்கிருந்து கிளைக்கின்றன, ஒளி எந்த விளிம்பில் கூடி நிற்கிறது என்பவை அதில் இருந்தால் போதும். இதனால் கைப்பேசி கொண்டுவர அனுமதியில்லை. படம் எடுத்துவிட்டால் பார்த்தாயிற்று என்ற நிறைவு வந்துவிடுகிறது. அந்த நிறைவு இங்கே நமக்கு வேண்டாம்.

கோடிட்ட தாள் இல்லாத குறிப்பேடு ஒன்று, பென்சில்கள், அழிப்பான், குடிநீர் ஆகியவற்றைச் சிறிய கைப்பையில் கொடுத்தனுப்புங்கள். கூடத்தில் திரும்பும்போது மாதிரிகள்மீது இடித்துவிடும் என்பதால் முதுகுப்பை வேண்டாம். பட்டறையில் கால்விரல்களை முழுதும் மூடும் காலணி கட்டாயம். நீண்ட கூந்தலை இறுகக் கட்டியிருக்க வேண்டும். ஆஸ்துமா போன்ற உடல்நலக் குறைவு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே தெரிவித்தால், அவர்களுக்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்துவிடுவோம். பார்வைக் குறைபாடுள்ள மாணவர்கள் கையால் தொட்டு உணர்வதற்காகத் தனியே சில மாதிரிகளை எடுத்துவைப்பதாக நிறுவனத்தார் உறுதியளித்திருக்கிறார்கள்.

பயணத்திற்குக் கட்டணம் எதுவுமில்லை. அன்று மாலை பிள்ளை வீடு திரும்பியதும், வரைந்த படத்தை எடுத்து வரச் சொல்லி, அந்த உயிர் எது, அது ஏன் அப்படி இருக்கிறது என்று விளக்கச் சொல்லிக் கேளுங்கள். கட்டுரை எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்று அன்புடன் வேண்டுகிறேன்.

இணைத்துள்ள இசைவுப் படிவத்தில் கையொப்பமிட்டுச் செவ்வாய்க்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மாணவர்களுடன் துணைக்கு வர இயலும் பெற்றோர் சிலர் தேவைப்படுகிறார்கள்; விருப்பமுள்ளோர் படிவத்தின் பின்பக்கத்தில் பெயரைக் குறிப்பிடலாம்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்